அறுபத்தோராவது கார்டு

ரம்மி ஆடுபவருக்குச் சீட்டுக்கட்டைப் பற்றிக் கவலை கிடையாது. பெட்டிக்கடையில் வாங்கிய கட்டு, மேசையில் இருக்கும் எல்லோருக்கும் பொது. மேஜிக்: தி கேதரிங் ஆடுபவரோ தன் கட்டைத் தானே கட்டிக்கொண்டு வர வேண்டும். கணிதம் படித்த ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்து, அமெரிக்காவின் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் 1993 ஆகஸ்டில் வெளியிட்ட ஆட்டம் இது. முதல் பதிப்பில் இருந்தவை 295 கார்டுகள். இன்று அந்தக் கணக்கு பல்லாயிரத்தைத் தாண்டிவிட்டது. அந்தக் கடலிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்ற தீர்மானத்திலேயே ஆட்டத்தில் பாதி முடிந்துவிடுகிறது. மீதிப் பாதிதான் மேசையில் நடக்கிறது. இங்கே நான் எழுத வந்தது முதல் பாதியைப் பற்றி.

தொடக்கத்தில் இதற்கு ஒழுங்கு ஒன்றும் இல்லை. டெக்கில், அதாவது கட்டில், 40 கார்டு இருந்தால் போதும், ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம் என்பதுதான் விதி. ஆளுக்குச் சில பாக்கெட்டுகள் வாங்குவார்கள், அபூர்வமான கார்டு ஊருக்கு ஒன்றிரண்டு இருக்கும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது. காசுள்ளவர்கள் பெட்டி பெட்டியாக வாங்கத் தொடங்கியதும் ஏற்பாடு குலைந்தது. கார்டுகளை ஆடச் செலவழிக்கும் சக்திதான் மானா. செலவே இல்லாமல் மூன்று மானா தரும் பிளாக் லோட்டஸைக் கை நிறைய வைத்திருப்பவனிடம் யார் என்ன ஆட முடியும்? 1994 தொடக்கத்தில் போட்டிகளுக்கு விதி வந்தது: டெக்கில் குறைந்தது 60 கார்டு, மானா தரும் அடிப்படை லேண்ட் தவிர எந்தக் கார்டும் நாலுக்கு மேல் கூடாது. டெக் கட்டுவது ஒரு கலையானது இந்த இரண்டு எண்களால்தான் என்பேன்.

விதி சொல்வது ‘குறைந்தது’ 60 என்று. 61 வைத்தால் யாரும் கேட்க மாட்டார்கள், 80 வைத்தாலும் கேட்க மாட்டார்கள். ஆனாலும் தேர்ந்தவர்கள் 60லேயே நிறுத்திக்கொள்கிறார்கள். காரணம் எளிய கணக்கு. நாலு பிரதி வைத்த ஒரு கார்டு, முதலில் எடுக்கும் ஏழு கார்டுக் கையில் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 60 கார்டு டெக்கில் 40 சதவீதம். 80 கார்டு டெக்கில் அது 31 சதவீதமாக இறங்கிவிடும். ‘இதுவும் ஒன்று இருக்கட்டுமே’ என்று சேர்க்கும் ஒவ்வொரு கார்டும், நீங்கள் உண்மையில் ஆட விரும்பும் கார்டைச் சற்றே தள்ளி நிறுத்துகிறது. ஜேமி வேக்ஃபீல்ட் போல 62 வைத்துப் பிடிவாதமாக ஆடிய பெயர் பெற்றவர்களும் உண்டு. அவரைப் படிக்கப் பிடிக்கும், பின்பற்ற மாட்டேன்.

முதல் பெரிய பாணி என்று ஆட்டக்காரர்கள் ஒப்புக்கொள்வது பிரையன் வைஸ்மனுடையது. 1990களின் நடுவில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் அவர் ஆடிய டெக்குக்குப் பெயரே ‘தி டெக்’. சண்டை போடும் பெரிய பெரிய க்ரீச்சர்களை நிரப்பிக்கொண்டு போய் மோதுவதுதான் அன்றைய வழக்கம். வைஸ்மன் வெற்றிக்கென்று வைத்தது இரண்டே இரண்டு செரா ஏஞ்சல். மற்ற கார்டுகளெல்லாம் எதிராளி போடுவதைத் தடுக்கவும், போட்டதை அழிக்கவும், அவர் கையில் இருப்பதைப் பிடுங்கவும்தான்.

இதன் நுணுக்கத்தைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்கலாம். மோட் என்றொரு கார்டு. அது மேசையில் இருக்கும்வரை பறக்காத க்ரீச்சர் எதுவும் தாக்க முடியாது. செரா ஏஞ்சல் பறக்கும், ஆகவே மோட் அவளைத் தடுக்காது. எதிராளியின் டெக்கில் க்ரீச்சரை ஒழிக்கும் ஸ்வோர்ட்ஸ் டு ப்ளௌஷேர்ஸ் நாலு இருப்பதாக வையுங்கள். வைஸ்மன் பக்கம் ஒழிப்பதற்கு ஆளே கிடையாது. அந்த நாலும் எதிராளியின் கையில் தூங்கும். அவர் கொண்டுவந்த தாக்கும் க்ரீச்சர்கள் மோட்டுக்கு அந்தப் பக்கம் வரிசையாக நிற்கும். டிஸ்ரப்டிங் செப்டர் சுற்றுக்கு ஒன்றாக அவர் கையைக் காலி செய்யும். கடைசியில், பதில் சொல்ல அவரிடம் எதுவும் மிஞ்சாதபோது, ஏஞ்சல் இறங்குவாள். உன் கார்டு ஒன்று என் கார்டுகள் இரண்டை வீணாக்கினால் நீ முன்னே இருக்கிறாய் என்ற ‘கார்டு அட்வான்டேஜ்’ கணக்கை ஆட்டக்காரர்கள் மனத்தில் பதித்தது இந்த டெக்தான். எனக்கு அதைவிட வியப்பு, அந்த இரண்டு என்ற எண். மூன்றாவது ஏஞ்சலை வைக்கத் தோன்றாத கை எத்தனை பேருக்கு வாய்க்கும்?

இதற்கு நேர் எதிர்த்திசையில் கிளம்பியது ஸ்லை பாணி. ஜே ஷ்னைடர் கருத்தாக்கி, 1996ல் அட்லாண்டாவில் நடந்த ஒரு தகுதிப் போட்டிக்குப் பால் ஸ்லை எடுத்துச் சென்ற சிவப்பு டெக் அது. பட்டியலை முதலில் பார்த்தவர்கள் சிரித்திருப்பார்கள். அயர்ன்க்ளா ஆர்க்ஸ் என்ற க்ரீச்சரைப் பாருங்கள்: இரண்டு மானா, தாக்கும் வலு இரண்டு, ஆனால் வலு இரண்டோ அதற்கு மேலோ உள்ள எதையும் அது மறித்து நிற்க முடியாது. குப்பைக் கார்டு என்று ஒதுக்கப்பட்டது. ஷ்னைடர் கேட்டிருக்கக்கூடிய கேள்வி இதுதான்: என் டெக் எப்போதும் தாக்கவே போகிறதென்றால், மறிக்க முடியாதது எப்படிக் குறையாகும்? இரண்டாம் சுற்றில் இரண்டு மானாவும் வீணாகாமல் ஒரு க்ரீச்சர் இறங்கினால் போதும். ஒவ்வொரு சுற்றிலும் கையிலுள்ள மானா முழுவதையும் செலவழிக்கும்படி ஒரு மானா கார்டு இத்தனை, இரண்டு மானா கார்டு இத்தனை, மூன்று மானா கார்டு இத்தனை என்று அளந்து வைப்பதை ‘மானா கர்வ்’ என்கிறார்கள். இன்று எந்த டெக்கைக் கட்டினாலும் கார்டுகளை விலைவாரியாக மேசையில் அடுக்கிப் பார்க்கிறோமே, அந்தப் பழக்கம் இங்கிருந்து வந்தது.

மூன்றாவது பாணியான காம்போ சில கார்டுகளைக் கோத்து ஒரே சுற்றில் ஆட்டத்தை முடிக்கப் பார்க்கும். 1997ல் பாரிஸில் நடந்த ப்ரோ டூர் என்ற தொழில்முறைப் போட்டியில் மைக் லாங் வென்ற ப்ராஸ்ப்ளூம் இதற்கு முன்னோடி. கடாவரஸ் ப்ளூம் இருந்தால் கையிலுள்ள ஒவ்வொரு கார்டையும் இரண்டு மானாவாக மாற்றலாம். ப்ராஸ்பெரிட்டி மானாவைக் கார்டாக மாற்றும். ஒன்று மற்றொன்றுக்குத் தீனி போட, சுழல் பெருகிப் பெருகி, கடைசியில் ட்ரெய்ன் லைஃப் எதிராளியின் உயிரை மொத்தமாக உறிஞ்சிவிடும். திறமையான வேலைப்பாடுதான். ஆனால் எதிரே இருப்பவர் பார்வையாளராகிவிடும் ஆட்டத்தின்மீது எனக்குப் பெரிய மோகம் வந்ததில்லை. அடுத்த ஆண்டு வந்த அர்ஸாஸ் சாகா தொகுப்பு காம்போவை எல்லை மீற வைத்தது. அந்தக் காலத்தை இன்றும் ‘காம்போ விண்டர்’ என்று பெருமூச்சோடு சொல்கிறார்கள்.

பாணிகளை இப்படிப் பிரித்துவைத்த கையோடு அந்தப் பிரிவையே மைக் ஃப்ளோரஸ் கலைத்துப் போட்டார். 1999ல் தி டோஜோ இணையதளத்தில் வந்த அவருடைய ‘ஹூ இஸ் தி பீட்டௌன்’ கட்டுரையின் சாரம் சுருக்கமானது. ஒத்த இயல்புள்ள இரண்டு டெக்குகள் மோதும்போது ஒன்று தாக்க வேண்டும், மற்றது தாங்க வேண்டும். எது எந்த வேடம் என்று தவறாக எடுத்துக்கொண்டவர் தோற்பார். டெக் கட்டுபவருக்கு இதில் தனிப் பாடம் உண்டு. வேகமான டெக் என்று நினைத்துக் கட்டினாலும், உங்களைவிட வேகமான ஒன்றின் முன் நீங்கள்தான் தற்காக்க வேண்டும். அதற்கான கார்டு எங்கே? முதன்மை அறுபதுக்குள்ளா, ஆட்டங்களுக்கிடையே மாற்றிக்கொள்ள வெளியே வைக்கும் சைட்போர்டிலா?

இனி லேண்ட். புதிதாக வருபவர் இடம் போதாதபோது முதலில் கைவைப்பது லேண்டில்தான். 60 கார்டில் 24 லேண்ட் இருந்தால், முதல் ஏழு கார்டில் இரண்டு முதல் நாலு லேண்ட்வரை வருவதற்கு 77 சதவீத வாய்ப்பு. ஒன்றோ பூஜ்யமோ வந்து மாட்டிக்கொள்வது 14 சதவீதம். நாலு லேண்டை எடுத்துவிட்டு நாலு ‘நல்ல’ கார்டு வைத்தால் அந்த 14 ஏறக்குறைய 25 ஆகும். நாலில் ஒரு கை ஆடவே லாயக்கில்லாமல் வரும். இரண்டு, மூன்று நிறம் ஆடும் டெக்கில் இன்னும் சிக்கல். நெதர்லாந்தைச் சேர்ந்த ஃபிராங்க் கார்ஸ்டன் கணினியில் கணக்கிட்டு 2013ல் வெளியிட்ட அட்டவணை இன்றும் கைப்புத்தகம் போலப் புழங்குகிறது. முதல் சுற்றிலேயே ஒரு நிறத்து மானா தவறாமல் வேண்டுமென்றால் 60 கார்டில் அந்த நிறம் தரும் லேண்ட் 14 தேவை என்கிறது அது. இரண்டு நிறத்துக்கும் முதல் சுற்றுக் கார்டு வைக்க ஆசைப்பட்டவர்கள் அந்த எண்ணைப் பார்த்ததும் பாதி கார்டைக் கழற்றிவிடுவார்கள்.

கட்டிய டெக்கைச் செதுக்குவது வேறு பொறுமை. எதிராளி இல்லாமல் தனியாகக் கையெடுத்து ஆடிப் பார்ப்பதை ‘கோல்ட்ஃபிஷ்’ என்பார்கள். எந்தச் சுற்றில் டெக் ஓடத் தொடங்குகிறது என்று அறிய அது உதவும், அவ்வளவே. உண்மையான சோதனை, எதிரே வரக்கூடிய டெக்குகளை நண்பரிடம் கொடுத்து ஆடவைப்பதில் இருக்கிறது. அதிலும் பெரும்பாலோர் முதல் ஆட்டத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். மூன்றுக்கு இரண்டு என்ற போட்டியில் இரண்டாம், மூன்றாம் ஆட்டங்கள் 15 கார்டு சைட்போர்டு உள்ளே வந்த பிறகு நடப்பவை. எதை உள்ளே கொண்டுவருவது என்று எல்லோரும் யோசிப்பார்கள். அதற்கு இடம்விட எதை வெளியே எடுப்பது என்று ஊரிலேயே எழுதிவைத்துக்கொண்டு போகிறவர்கள் குறைவு. ஆட்டத்துக்கு நடுவில் நடுவர் கடிகாரத்தைப் பார்க்கும்போது அந்த முடிவை எடுக்கக் கூடாது.

களத்தைப் படித்து எண்ணிக்கையைத் தீர்மானிப்பதற்கு எனக்குப் பிடித்த சான்று 2001 டோக்கியோ ப்ரோ டூர். சிவப்பு டெக்குகள் குவியும் என்று ஸ்வி மௌஷோவிட்ஸ் கணித்தார். சிவப்பிலிருந்து முழுப் பாதுகாப்புள்ள க்ரிம்ஸன் அகோலைட், கலினாஸ் நைட் போன்ற சாதாரணக் க்ரீச்சர்களை, மற்றவர்கள் சைட்போர்டில் வைக்கவே யோசிக்கும் அந்தக் கார்டுகளை, முதன்மை டெக்கிலேயே வைத்து வெள்ளை–நீல டெக் கட்டினார். சிவப்பு மந்திரம் அவற்றைத் தொட முடியாது. ‘தி சொல்யூஷன்’ என்று பெயர் வைத்த அந்த டெக்கோடு இறுதியாட்டத்தில் ஜப்பானின் ட்சுயோஷி ஃபுஜிதாவையும் வீழ்த்திப் பட்டம் வென்றார். கணிப்பு பொய்த்திருந்தால் அதே டெக் பரிதாபமாகத் தோற்றிருக்கும்.

இன்னொருவர் பட்டியலை அப்படியே எடுத்து ஆடுவதை, அதாவது நெட்டெக் செய்வதை, இழிவாகப் பேசுபவர்கள் எப்போதும் உண்டு. என்னால் அந்த வசையில் சேர முடியவில்லை. குருவின் பாடாந்தரத்தை அச்சுப்பிசகாமல் பாடிப் பழகாமல் சொந்தக் கற்பனைக்குப் போன பாடகர் யார்? ஆனால் பட்டியலில் ஒரு கார்டு மூன்று என்றிருந்தால், ஏன் நாலில்லை என்று கேட்காமல் எடுத்துப் போவது வீண். கட்டியவர் அந்த நாலாவது இடத்தை எதற்கு விட்டுக்கொடுத்தார் என்று தெரிந்தால்தான் அடுத்த வாரம் களம் மாறும்போது உங்களாலும் மாற்ற முடியும்.

விடவே முடியாத கார்டு ஒன்று வந்துவிட்டால் இந்தக் கலைக்கு வேலை இல்லாமல் போகிறது. 2004ல் வந்த ஸ்கல்க்ளாம்ப் அப்படி. பூட்டிய க்ரீச்சருக்குத் தாக்கும் வலு ஒன்று கூடும், தாங்கும் வலு ஒன்று குறையும். அது செத்தால் இரண்டு கார்டு எடுக்கலாம். குறைக்கும் அந்த ஒன்றுதான் வினை. தாங்கும் வலு ஒன்றே உள்ள சில்லறைக் க்ரீச்சர் பூட்டியவுடன் செத்து, ஒரு மானாவுக்கு இரண்டு கார்டு தந்துவிடும். அஃபினிட்டி ஆடியவரும் வைத்தார், காப்லின் ஆடியவரும் எல்ஃப் ஆடியவரும் வைத்தார்கள், எல்லோரும் நாலு. சில மாதங்களிலேயே ஸ்டாண்டர்ட் என்ற வகைப் போட்டிகளில் தடை வந்தது. 2011ல் ஜேஸ், தி மைண்ட் ஸ்கல்ப்டரும் ஸ்டோன்ஃபோர்ஜ் மிஸ்டிக்கும் அதே வழியில் போயின. பாரிஸில் அவ்வாண்டு பென் ஸ்டார்க் வென்ற கா–பிளேட் டெக்கின் தூண்கள் அவை. தடையை ஆட்டக்காரர்கள் திட்டுவது சகஜம். எனக்கு இந்த இரண்டு தடையிலும் புகார் கிடையாது.

இதுவரை சொன்ன அளவுகோல்கள் எதுவும் கமாண்டர் என்ற ஆட்ட வகைக்குப் பொருந்தாது. அலாஸ்காவில் ஆடம் ஸ்டேலியின் நண்பர் வட்டத்தில் முளைத்து, நடுவர் ஷெல்டன் மெனரி பரப்பிய வகை அது. 2011 முதல் நிறுவனமே அதற்கென டெக்குகளை விற்கிறது. கமாண்டர் எனப்படும் தலைமைக் கார்டையும் சேர்த்து 100 கார்டு, அடிப்படை லேண்ட் தவிர எதுவும் ஒன்றுக்கு மேல் கூடாது, உயிர் 40, மேசையில் பெரும்பாலும் நாலு பேர். நாலு பிரதிக் கணக்கு இங்கே இல்லை. நம்பகம் வேண்டுமானால் ஒரே வேலையைச் செய்யும் பல கார்டுகளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அதைவிடப் பெரிய வித்தியாசம், முடிந்த அளவு வலுவாகக் கட்டுவதே இங்கே குற்றமாகலாம். தெரிந்தே வலுவான கார்டை வெளியே வைப்பது மரியாதையாகக் கருதப்படுகிறது.

எவ்வளவு வலு சரி என்பதில்தான் சண்டை. 2024 செப்டம்பரில் மானா க்ரிப்ட், ஜூவல்ட் லோட்டஸ் உள்ளிட்ட நாலு கார்டுகளைத் தன்னார்வ விதிக்குழு தடை செய்தது. விலை உயர்ந்த கார்டுகளை வாங்கி வைத்திருந்தவர்கள் கொதித்தார்கள். குழுவினருக்கு மிரட்டல்கள்கூட வந்தன. அந்த மாதம் முடிவதற்குள் பொறுப்பு விசார்ட்ஸ் நிறுவனத்தின் கைக்குப் போயிற்று. 2025ல் டெக்குகளை ஐந்து படிகளாகப் பிரிக்கும் ஏற்பாட்டைச் சோதனையாகக் கொண்டுவந்தார்கள். ஆட்டம் தொடங்குமுன் ஆளாளுக்குத் தன் டெக் எந்தப் படி என்று சொல்லிவிட வேண்டும். சில கார்டுகளை எண்ணிப் படியைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் அந்தக் கார்டு எதுவும் இல்லாமலே, சாதாரணக் கார்டுகளை வைத்து ஷ்னைடர் போலக் கட்டத் தெரிந்தவர் இரண்டாம் படி என்று சொல்லி உட்கார்ந்து மற்ற மூவரையும் சீக்கிரமே முடித்துவிட்டால், பட்டியலைக் காட்டி வாதாடுவதில் பயனில்லை. அடுத்த ஆட்டத்துக்கு ஷஃபிள் செய்யுமுன் நாலு பேரும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டியதுதான்.