மறுப்பும் பதவியும்: பாட் பார்க்கரின் நாவலை முன்வைத்து

முதல் உலகப் போரைப் பற்றிப் பிற்காலத்தில் எழுந்த ஆங்கில நாவல்களுள் பாட் பார்க்கரின் ‘ரீஜெனரேஷன்’ (1991) சிறப்பிடம் பெற்றது. அதன் தொடர்ச்சியாக வந்த இரு நாவல்களுள் இறுதியானது 1995ஆம் ஆண்டின் புக்கர் பரிசையும் வென்றது. போருக்கு எதிரான படைப்பு என்றே திறனாய்வாளர் பலர் இதனைப் போற்றியுள்ளனர். அப்பாராட்டை நாம் மறுக்கவில்லை. ஆயினும், போர்க்களம் செல்ல மறுக்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்னும் வினாவோடு இந்நாவலை மீண்டும் படிக்கும்போது, அதன் வலிமையும் குறையும் அருகருகே இருப்பதைக் காண்கிறோம்.

நாவலின் மையநிகழ்வு கற்பனையன்று. கவிஞரும் வீரப்பதக்கம் பெற்ற அதிகாரியுமான சீக்ஃபிரீட் சசூன், போர் வேண்டுமென்றே நீட்டிக்கப்படுகிறது எனக் குற்றஞ்சாட்டி, 1917இல் களத்துக்குத் திரும்ப மறுத்து அறிக்கை விடுத்தார். அதனை உருவாக்குவதில் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் துணைநின்றார். ஜூலை 30இல் அது பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வாசிக்கப்பட்டது. இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்படுவோம் என்றே சசூன் எதிர்பார்த்தார். நடந்ததோ வேறு. நண்பர் ராபர்ட் கிரேவ்ஸின் முயற்சியால் மருத்துவக் குழுவொன்று கூடியது. அவர் நரம்பு நோயாளி எனத் தீர்மானித்து, எடின்பரோவை அடுத்த கிரெய்க்லாக்கார்ட் மருத்துவமனைக்கு அனுப்பியது. அங்கே அவரை ஏற்றவர் டாக்டர் ரிவர்ஸ். (நீலகிரித் தொதவர் குறித்து 1906இல் பெருநூலொன்றை வெளியிட்ட மானிடவியலாளரும் இவரே என்பது தமிழ் வாசகர்கள் நினைவில் கொள்ளத்தக்கது.) கிரெய்க்லாக்கார்ட் அதிகாரிகளுக்கு மட்டுமே உரிய மருத்துவமனை.

திரும்பிச் செல்வதா, மறுப்பில் நிலைத்து நிற்பதா என்பதே நாவல் முழுவதையும் தாங்கும் அறச்சிக்கல். இச்சிக்கலில் உழல்வதற்கே ஒருவர் அதிகாரியாக இருந்தாக வேண்டும். சாதாரணப் படைவீரர் ஹாரி ஃபார் 1915இல் குண்டதிர்ச்சி நோய்க்காகப் பல மாதங்கள் மருத்துவமனையில் கிடந்தவர். 1916 செப்டம்பரில் முன்னணிக்குச் செல்ல இயலாது என்றார். அவருக்காக வாதாட இராணுவ நீதிமன்றத்தில் ஒருவரும் இல்லை. அக்டோபரில் ஒருநாள் அதிகாலை சுட்டுக் கொல்லப்பட்டார். களத்தைவிட்டு ஓடியமை, கோழைத்தனம் முதலிய குற்றங்களுக்காக இவ்வாறு கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டிஷ் அரசு 2006இல்தான் மன்னிப்பு வழங்கிற்று. அவர்களுள் அதிகாரிகள் இருவர் மட்டுமே. களத்தில் மாண்டோரின் விகிதத்தைப் பார்த்தால் அதிகாரிகளே மிகுதி என்பதையும் நாம் மறந்துவிடலாகாது. குண்டு பதவி பார்க்கவில்லை. பதவி பார்த்தது மருத்துவக் குழுவும் இராணுவ நீதிமன்றமும்தாம்.

பார்க்கர் இதனை அறியாதவரல்லர். உழைக்கும் வர்க்கத்திலிருந்து அதிகாரியாக உயர்ந்த பில்லி பிரையர் என்னும் கற்பனைப் பாத்திரம் அதற்குச் சான்று. பேச்சிழந்த நிலையில் வந்து சேரும் பிரையரிடம், பேச்சிழப்பு சாதாரண வீரர்களிடமே மிகுதி, அதிகாரிகளுக்கோ பெரும்பாலும் திக்குவாய்தான் என்கிறார் ரிவர்ஸ். மனத்தில் உள்ளதைச் சொன்னால் சாதாரண வீரனுக்கு நேரும் கேடு மிகக் கொடியது. ஆகவே அவன் உடலே அவன் வாயை அடைத்துவிடுகிறது என்பது இதன் விளக்கம். ரிவர்ஸ் தாமும் திக்கிப் பேசுபவர் என்பதைப் பிரையர் கவனிக்கத் தவறுவதில்லை. நாவலின் மிகச் சிறந்த உரையாடல்கள் இவையே என்பது நம் கருத்து. நோயின் பெயரிலேயே படைப்பிரிவின் ஏணி வெளிப்பட்டுவிடுகிறது.

நமக்கு உடன்பாடில்லாத இடம் இறுதிப் பகுதியில் வருகிறது. லண்டன் மருத்துவமனையொன்றில் டாக்டர் யெலாண்ட், கேலன் என்னும் பேச்சிழந்த வீரனை அறைக்குள் பூட்டி, தொண்டையில் மின்னதிர்ச்சி கொடுத்துப் பேசவைக்கிறார். யெலாண்ட் 1918இல் தாமே வெளியிட்ட சிகிச்சைக் குறிப்புகளிலிருந்து பார்க்கர் எடுத்தாண்ட காட்சி இது. மோன்ஸ் தொடங்கி எத்தனையோ சமர்களைக் கண்டவன் அவன். அவனுக்கு இடம் ஒரே காட்சி. அன்றிரவு கனவு காண்பவர் ரிவர்ஸ். தாமும் மென்மையான வழியில் சசூனின் வாயை அடைக்கவே முயல்கிறோம் என்று அவர் மனம் குமைகிறது. கனிவான உரையாடலும் மின்முனையும் ஒரே பணியைச் செய்தன என்பது கூரிய பார்வைதான். ஆனால், அவ்விரண்டையும் ஒரே தட்டில் வைத்த அக்கணமே, சசூனுக்குக் கிடைத்ததும் கேலனுக்குக் கிடைத்ததும் வேறுவேறு என்ற உண்மை மங்கிவிடுகிறது. கேலனின் வேதனை ஓர் அதிகாரியின் மனசாட்சிக்குக் கண்ணாடியாகப் பயன்பட்டு முடிகிறது. மீண்ட குரலில் அவன் எதைச் சொல்ல விரும்பினான் என்று நாவல் கேட்கவில்லை.

கேலனுக்குக் கிடைத்த அந்த ஒரு காட்சியும் வாய்க்காத படைவீரர்கள் இருந்தனர். நம் வாசகர்கள் அவர்களை எண்ணிப் பார்க்காமல் இந்நாவலை மூட இயலாது. சிங்கப்பூரில் இருந்த 5ஆம் இலகு காலாட்படை வட இந்திய முஸ்லிம் சிப்பாய்களைக் கொண்டது. 1914 நவம்பரில் உதுமானிய சுல்தான் போரை ஜிஹாத் என அறிவித்திருந்தார். ஹாங்காங்குக்குக் கப்பலேற வேண்டியிருந்த சிப்பாய்களிடையே, தம்மைத் துருக்கியருக்கு எதிராகக் கொண்டுசெல்கிறார்கள் என்ற வதந்தி பரவிற்று. 1915 பிப்ரவரி 15இல் கலகம் வெடித்தது. பதவி உயர்வுப் பூசல், கதர் இயக்கப் பரப்புரை எனக் காரணங்கள் பல உண்டு; குடிமக்கள் உட்படப் பலர் கொல்லப்பட்டதை நியாயப்படுத்த ஒன்றுமில்லை. ஆனால், ‘இந்தப் போருக்கு வரமாட்டோம்’ என்று சொல்ல விரும்பிய ஒரு சிப்பாய் அதனை எங்கே சொல்லியிருக்க முடியும்? நாடாளுமன்றத்தில் வாசிக்க அவனுக்கு உறுப்பினர் இல்லை, நோயாளியென்று காப்பாற்ற நண்பர் இல்லை. ஊட்ரம் சிறைச்சாலைச் சுவரருகே பொதுமக்கள் பார்த்திருக்க 47 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர்.

சசூன் 1917 நவம்பரில் தாமாகவே பணிக்குத் திரும்பினார். 1918இன் தொடக்கத்தில் அவரது படைப்பிரிவு நின்றது பாலஸ்தீனத்தில், துருக்கியருக்கு எதிரான களத்தில். பின்னர் பிரான்சில் தலையில் காயமுற்று மீண்டு, 1967 வரை வாழ்ந்து, தம் அனுபவங்களை நூல்களாக எழுதினார். பார்க்கருக்கு ஆதாரமாக அவை இருந்தன. சிங்கப்பூர்ச் சிப்பாய்கள் விட்டுச்சென்றவை விசாரணை மன்றத்தின் முன் அளித்த வாக்குமூலங்களே. அவையும் கேள்வி கேட்டவர்களின் ஆங்கிலத்தில் பதிவானவை.