பட்டுப்புடவை மேல் விழுந்த பழி

சித்திரை மாசம் அக்காவுக்கு இடுப்பைச் சுற்றியும் தொடையின் உள்பக்கமும் முழங்கால் மடிப்பிலும் சிவந்து தடித்து, ஒரே அரிப்பு. மயிலாப்பூரில் ஒரு கல்யாணத்துக்குப் புதுப் பட்டு கட்டிய இரண்டு நாளில் வந்தது. அதனால் வீட்டில் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. "உனக்குப் பட்டு ஒத்துக்கலடி" என்றாள் அம்மா. பட்டு பீரோவுக்குள் போனது. அரிப்பு போகவில்லை.

முதலில் தி. நகரில் ஒரு லேபில் ரத்தம் கொடுத்தோம். 'அலர்ஜி பேனல்' என்று பல பக்கம் வந்தது: தூசு, கரப்பான், கத்தரிக்காய். அந்த டெஸ்ட் தேடுவது ஐஜிஇ என்ற எதிர்ப்புப் பொருளை. தும்மலுக்கும் உடனே எழும் தடிப்புக்கும் அது சரி. துணிச் சாயம் தோலில் செய்வது டி செல்களின் வேலை. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வெளியே தெரியும். அதை ரத்தத்தில் ஐஜிஇ தேடிக் கண்டுபிடிக்க முடியாது. காசு போனதுதான் மிச்சம்.

அடுத்து பேட்ச் டெஸ்ட். 1895ல் யாடசோன் என்ற தோல் மருத்துவர் அறிமுகப்படுத்திய முறைதான், இன்றும் இதற்கு வேறு மாற்று இல்லை. முதுகில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் பொருட்களை வைத்து ஒட்டி, 48 மணி நேரம் கழித்துப் பிரிப்பார்கள். முதுகு நனையக்கூடாது, வியர்க்கக்கூடாது. சென்னை வெயிலில் வியர்க்காமல் இருப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை! முடிவு: நெகட்டிவ். "அப்ப துணி காரணம் இல்லை" என்று அனுப்பிவிட்டார்கள்.

என் சண்டை இந்த ஒரு வாக்கியத்தோடுதான். இங்கே வழக்கமாக வைக்கிற இந்திய ஸ்டாண்டர்ட் சீரிஸில் நிக்கல், குரோமேட், கோபால்ட், பார்த்தீனியம் எல்லாம் இருக்கும். முடிச்சாயத்தில் வரும் பிபிடியும் இருக்கும். பாலியஸ்டருக்கும் நைலானுக்கும் போடும் டிஸ்பர்ஸ் சாயங்கள் கிடையாது. துணிச் சாயத்தில் அதிகம் மாட்டுவதே அவைதான். பருத்திக்குப் போடும் ரியாக்டிவ் சாயம் நூலோடு வேதிப்பிணைப்பாகச் சேர்ந்துவிடும். டிஸ்பர்ஸ் சாயம் அப்படி இல்லை. இழைக்குள் கரைந்து கிடக்கும். வியர்வையும் உரசலும் சேர்ந்தால் கொஞ்சம் வெளியே வந்து தோலில் ஏறும். ஐரோப்பாவில் 2015ல் இப்படி எட்டுச் சாயங்களின் கலவையை அடிப்படைப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டார்கள். பிபிடி ஒன்றே போதும் என்றும் சிலர் சொல்வதுண்டு. டிஸ்பர்ஸ் ஆரஞ்சு 3க்கு ஓரளவு பொருந்தலாம், டிஸ்பர்ஸ் புளூ 106, 124க்குப் பொருந்தாது. கேட்காத கேள்விக்கு 'இல்லை' என்று பதில் எழுதினால் எப்படி?

அக்காவைக் குடைந்து கேட்டபோதுதான் விஷயம் வந்தது. கல்யாணத்தன்று பாவாடைக்குப் பதிலாக ரங்கநாதன் தெருவில் வாங்கிய கறுப்பு ஷேப்வேர். அதற்குப் பிறகும் தினம் ஆபீஸுக்கு அதுதான். நைலான், இறுக்கம், வியர்வை. அரிப்பு வந்த இடமும் அது உரசுகிற இடமும் ஒன்று. அடையாறில் இன்னொரு டாக்டரிடம் துணிச் சாய வரிசையை வைக்கச் சொல்லிக் கேட்டோம். இரண்டாம் நாள் லேசான சிவப்பு. நான்காம் நாள் 106ம் 124ம் நன்றாகத் தடித்திருந்தன. பேர்தான் நீலம், கறுப்பு, பழுப்பு, பச்சைத் துணியிலும் கலந்திருக்கும். முதல் தடவை டேப் பிரித்த அன்றே ரிப்போர்ட் கொடுத்துவிட்டார்கள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான்காம் நாள் பார்க்காத பேட்ச் டெஸ்ட் அரைகுறை டெஸ்ட்.

நாமாகத் துணியை வெட்டி ஒட்டிப் பார்க்கலாமே என்று கேட்பீர்கள். நனைத்து ஒட்டுவதும் வழக்கம்தான். ஆனால் துண்டில் சாயம் குறைவு, பல நேரம் பொய்யான நெகட்டிவ் வரும். துணியையும் கொண்டுபோங்கள், அதை மட்டும் நம்பாதீர்கள்.

'அஸோ ஃப்ரீ' லேபிளும் இதற்கு உதவாது. இந்தியா 1990களில் தடைசெய்த 112 சாயங்கள் புற்றுநோய்ப் பயத்தால் தடைசெய்யப்பட்டவை. அரிப்பு அந்தக் கணக்கில் வரவில்லை. புளூ 106 அஸோ சாயம்தான், ஆனால் லேபிள் தேடுகிற புற்றுநோய் அமீன்கள் அதிலிருந்து வருவதில்லை. துணி லேபிளில் நைலான் எத்தனை சதவீதம் என்று இருக்கும், எந்தச் சாயம் என்று இருக்காது.

போன வாரம் அக்கா கடையில் கேட்டாள், இதில் என்ன சாயம் போட்டிருக்கிறார்கள் என்று. "சாயம் போகாதுக்கா, கேரன்ட்டி" என்றான் பையன். பருத்திப் பாவாடை இரண்டு வாங்கிக்கொண்டு வந்தோம். பட்டு பீரோவிலிருந்து வெளியே வந்துவிட்டது.