தார்ப்பாயும் ஆற்றுச் சேறும்

அமெரிக்கச் சிறு நகரங்களின் பேஸ்பால் அணிகளுள் பல, ‘மைனர் லீக்’ எனப்படும் கீழ்நிலைப் போட்டித் தொடர்களைச் சேர்ந்தவை; ஆட்டக்காரர்களின் ஊதியத்தைப் பெரிய அணிகள் ஏற்க, நுழைவுச்சீட்டு, தின்பண்ட விற்பனை, மைதானப் பராமரிப்பு ஆகியவற்றை உள்ளூர் நிர்வாகமே கவனிக்கிறது. அத்தகைய அணியில் முதலாண்டுப் பணியாளராகச் சேர்பவர், எந்தப் பதவிக்கு அமர்த்தப்பட்டிருந்தாலும், மழை தூறத் தொடங்கியதும் ஆடுகளத்தை மூடும் தார்ப்பாயை இழுக்க ஓடியாக வேண்டும். பக்கத்துக்கு ஏறத்தாழ 170 அடி நீளமுள்ள அந்த விரிப்பு, காற்றோடு சேர்ந்து இழுத்தால் இணங்கும். காற்று அடியில் புகுந்துவிட்டாலோ ஆட்களையே தூக்கிவிடும்.

இதனினும் நுட்பமானது பந்துக்குச் சேறு பூசும் கலை. புதிய பந்தின் தோல் வழவழப்பாக இருப்பதால் வீசுபவரின் பிடி நழுவும். அதைப் போக்க, 1938இல் லீனா பிளாக்பர்ன் என்னும் பயிற்றுநர் டெலவேர் ஆற்றுப் பகுதியில் கண்டெடுத்த மென்சேறு இன்றளவும் பயன்படுகிறது. விரல் நுனியில் சிறிது சேறும் சில துளி நீரும் எடுத்து, பந்தை உள்ளங்கைகளுக்கிடையே உருட்டித் தேய்க்க, வெண்மை மங்கிப் பழுப்பேறுகிறது. 108 இரட்டைத் தையல்களைக் கொண்ட சிவப்பு நூலில் சேறு அப்பாமலும் நிறம் கருக்காமலும் நிறுத்துவதே கைத்திறன். பார்வையாளர் எவரும் கவனியாத இவ்வேலைகளைப் பழகிய பின்னரே, ஆட்டம் என்பது ஆட்டக்காரரால் மட்டும் நிகழ்வதன்று என்பது புதிய பணியாளருக்குப் புலப்படுகிறது.