வேலிக்கு மருந்து: தெளிப்பானா, பிரஷ்ஷா?

பைக்காராவில் மரவேலி போட்டவர்களுக்கு இது தெரிந்த கதைதான். வேலிக்கால் மேலே கல்லுப்போல நிற்கும். மண்ணைத் தொடும் இடத்தில் விரலால் குத்தினால் உள்ளே போகும். ஜூனில் பிடிக்கிற மழைக்கு இங்கே முதல் எதிரி கரையான் இல்லை, பூஞ்சை. அப்புறம் ஒரு காட்டெருமை உரசிவிட்டுப் போனால் வரிசையே சாய்ந்துவிடும்.

போன மழைக்கு எனக்கு ஏழு கால் போயிற்று. பிப்ரவரி வெயிலில் கற்பூர மரக் கால்களையும் சைப்ரஸ் பலகைகளையும் மாற்றும்போது, மரத்துக்கு அடிக்கும் மருந்து 5 லிட்டர் டின் ஒன்றும், கூடவே 2 லிட்டர் கைப் பம்புத் தெளிப்பான் ஒன்றும் வாங்கினேன்.

தெளிப்பான் பார்க்க ஜோர். பம்பை இருபது தடவை அமுக்கிவிட்டு விசையை அழுத்தினால் பனிபோல வருகிறது. வினையே அதுதான். காற்று ஓயாத மேட்டில் பாதி மருந்து பலகைக்கு, மீதி பீன்ஸ் கொடிக்கும் என் மூக்குக்கண்ணாடிக்கும். முகமூடி போட்டும் ராத்திரி வரை தொண்டை கரித்தது. மூன்றாம் நாள் கைப்பிடியில் ஒழுகல். பிரித்துப் பார்த்தால் ரப்பர் வாஷர் ஊறி, உளுந்து வடைபோல உப்பியிருந்தது. தண்ணீருக்கென்று செய்த வாஷர், எண்ணெய்க் கரைப்பானைத் தாங்கவில்லை. அட்டைப்பெட்டியில் ஒரு வரி போட்டிருக்கலாம்.

ஆசாரி சிரித்தார். "மூஞ்சிக்குப் பவுடர் பூசறீங்க சார். மருந்தைக் குடிக்கிறது அறுத்த முனைதான்."

பழைய பெயிண்ட் டின்னில் மருந்தை ஊற்றி, மண்ணுக்குள் போகிற முனைகளை ராத்திரி முழுக்க நிற்க வைத்தோம். காலையில் மட்டம் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. பலகைக்கு 3 அங்குல பிரஷ்ஷே போதும். ஒரு கோட் காய்ந்தபின் இன்னொன்று. மரம் மட்டும் நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரக்கட்டையில் மருந்துக்கு இடமில்லை.

பிரஷ்ஷில் மருந்து மேல்தோலைத் தாண்டாது என்பதும் உண்மை. ஆழமாக ஏற்ற, உருளைத் தொட்டிக்குள் அழுத்தம் கொடுக்க வேண்டும். அப்படி ஏற்றுகிற செம்பு, குரோமியம், ஆர்சனிக் கலவையை 1933இல் கண்டுபிடித்தவர் டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனத்தின் சொந்தி காமேசம். உலகமெங்கும் மின்கம்பங்களைக் காத்த மருந்து அது. ஆர்சனிக் பயத்தால் 2003 முடிவோடு அமெரிக்காவில் வீட்டு உபயோக மரங்களுக்கு அதை நிறுத்திக்கொண்டார்கள். நம் ஊர்க் குளிருக்குக் கிடைத்த கட்டையெல்லாம் கணப்புக்குப் போகும். இந்த மருந்து ஏறிய துண்டு போகக் கூடாது. புகையிலும் சாம்பலிலும் ஆர்சனிக் இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் வாங்கிவந்து பூசும் வேஸ்ட் ஆயிலையும் விட்டுவிடுங்கள். கறுப்பு நிறம் தரும், மண்ணைக் கெடுக்கும், பூஞ்சையை நிறுத்தாது.

மிச்ச மருந்து அதே டின்னில், லேபிளோடு, மூடி இறுக்கி, பூட்டிய ஷெட்டில் இருக்கட்டும். கூல்டிரிங்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பதைப்போல ஆபத்து வேறில்லை. பிரஷ்ஷை ஓடையில் அலசாதீர்கள். மீனுக்கு அது விஷம்.

தீர்ப்பு: முனைக்கு முக்கல், பலகைக்கு பிரஷ், தெளிப்பான் வேண்டாம். ஏற்கெனவே வாங்கி மருந்து ஊற்றிவிட்டீர்களா? எவ்வளவு கழுவினாலும் அதைக் கேரட் பாத்திப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள்.