சிலப்பதிகாரத்தில் வெகுளியும் ஆராய்வும்

பழிவாங்கல் துன்பியல் என்னும் நாடக வகை நமக்கு ஷேக்ஸ்பியர் வழியாக வந்தது என்பது பரவலான கருத்தாகும். பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’ நாடகத்தை ‘அமலாதித்யன்’ எனத் தமிழ் மேடைக்குத் தந்தார். குவெம்பு அதனைப் பிதனூர் அரசின் பின்புலத்தில் அமைத்து ‘ரக்தாட்சி’ எனக் கன்னட நாடகமாக்கினார். பெங்களூரில் இவ்விரு மொழிகளையும் அருகருகே பயில்வோர் இந்நாடகங்களை ஒப்பிடுவது இயல்பே. ஆயினும் அவ்வகையின் உயிர்நாடியான சிக்கல், அதாவது உணர்ச்சிக்கும் அறிவுக்கும் இடையிலான போராட்டம், சிலப்பதிகார மதுரைக் காண்டத்தில் வேறொரு வடிவில் முன்னரே அமைந்துள்ளது. அவ்வடிவை இக்கட்டுரை ஆராய்கிறது.

கண்ணகியை வெகுளியின் வடிவாகவும் பாண்டியனை நீதியின் வடிவாகவும் காணும் போக்கு ஒன்று உண்டு. காப்பியத்தை நுணுகி நோக்கின் நிலைமை நேர்மாறாகத் தோன்றுகிறது. முதலில் உணர்ச்சிக்கு இடங்கொடுத்தவன் அரசனே. கூத்தியர் ஆடலில் மன்னன் உள்ளம் ஈடுபட்டதாக எண்ணித் தேவி ஊடினாள். தலைநோவைக் காரணங்காட்டி நீங்கினாள். அவள் ஊடல் தீர்க்க விரைந்தவனைப் பொற்கொல்லன் வழியிடைக் கண்டு கோவலன்மேல் களவுப் பழி சுமத்துகிறான். அவையில் அன்று, அந்தப்புரம் செல்லும் வழியில், ஒரு கொலையாணை பிறக்கிறது. அவ்வாணையிலும் ‘சிலம்பு அவன் கையில் இருக்குமாயின்’ என்னும் நிபந்தனை உண்டு. ஆனால் சிலம்பு கையிலிருப்பது மட்டுமே களவுக்குச் சான்றாகாது என்று எண்ணிப் பார்க்கும் பொழுது மன்னனுக்கு வாய்க்கவில்லை.

கொலைக்களக் காதையில் இளங்கோவடிகள் இதனை மேலும் கூர்மையாக்குகிறார். கோவலனின் தோற்றம் கண்ட காவலர், இவன் கொலைக்குரியவன் அல்லன் என்றே கூறுகின்றனர். ஆராய்வு அங்கே ஒரு நொடி தலைகாட்டுகிறது. பொற்கொல்லன் அதனை எள்ளி, கள்வர்க்குத் துணையாகும் மந்திரம், தெய்வம், மருந்து, நிமித்தம், தந்திரம், இடம், காலம், கருவி என்னும் எட்டினையும் விரித்துரைக்கிறான். பொய்யன் ஒருவன் நூலறிவை இத்துணை ஒழுங்காகப் பயன்படுத்தும் பகுதி காப்பியத்தில் வேறில்லை எனலாம். அறிவின் மொழி ஆராய்வை அடக்குகிறது. இறுதியில் கல்வியறிவற்ற காவலன் ஒருவனின் வாள் வழக்கை முடிக்கிறது.

இனிக் கண்ணகியை நோக்குவோம். தன் கணவன் கள்வனா என அவள் கதிரவனை வினவ, கள்வன் அல்லன் என்றும் இவ்வூரை எரி உண்ணும் என்றும் விடை வருகிறது. ஹாம்லெட்டுக்குத் தந்தையின் ஆவி உண்மையுரைப்பது போன்ற இடம் இது. ஆவியின் சொல்லை ஐயுற்ற ஹாம்லெட், நாடகம் ஒன்றை நடத்தச் செய்து சிற்றப்பனைச் சோதிக்கிறான். கண்ணகிக்குத் தெய்வத்தின் சொல்லில் ஐயமில்லை. அவ்வாறிருந்தும் அவள் உடனே எரியூட்டவில்லை. எஞ்சிய ஒற்றைச் சிலம்புடன் அரண்மனை வாயிலுக்குச் செல்கிறாள். தாமஸ் கிட்டின் ‘ஸ்பானியத் துன்பியல்’ நாடகத்தில் ஹீரோனிமோ தானே ஒரு நீதிபதி. எனினும் மன்னனிடம் முறையிட முடியாதபடி தடுக்கப்பட்டே பழிவாங்கலை நாடுகிறான். கண்ணகிக்கோ அவை திறந்திருக்கிறது. ஆராயாத மன்னன் என்னும் பொருள்படவே அவள் அரசனை முதலில் விளிக்கிறாள். தன் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள். தன்னுடையது முத்து என்கிறான் அரசன். சிலம்பு உடைகிறது, மாணிக்கம் தெறிக்கிறது. சினத்தின் உச்சத்தில் நிற்பவளே சான்றுமுறை வழுவாமல் வழக்குரைக்கிறாள்.

அரசன் தானே கள்வன் என ஒப்பி உயிர்விட்ட பின் ஊரை எரித்ததே கடினமான வினா. உடைந்த சிலம்பு மன்னனின் குற்றத்தை மெய்ப்பித்ததேயன்றி மதுரையின் குற்றத்தை மெய்ப்பிக்கவில்லை. பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி ஆகியோரை விலக்குமாறு அவள் தீக்கடவுளுக்குக் கூறுவதைக் கொண்டு, வெகுளியிலும் பகுத்தறிவு நின்றது என வாதிடுவர். இவ்வாதம் பாதியே பொருந்தும் என்பது என் கருத்து. அறவோர் என்னும் ஒன்று நீங்கலாக, அவ்விலக்கு பிறப்பும் பருவமும் நிலையும் நோக்கியது. தனித்தனியே செயலை நோக்கியதன்று.

மதுராபதி கூறும் முற்பிறப்புக் கதையை ஊழ் விளக்கமாகவே பெரும்பாலும் வாசிக்கிறோம். பரதன் என்னும் பிறவியில் கோவலன், வணிகன் சங்கமனை ஒற்றன் எனக் காட்டிக் கொலை செய்வித்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அலைந்து மலையேறி உயிர்விடுகிறாள். அதுவும் ஆராயாக் கொலையே. நீலி தன் துயரைத் தெருவிலும் மன்றிலும் முறையிட்டுத் திரிந்தாள், சிலம்பை உடைத்துக் காட்டுதற்கு ஒப்பான சான்றோ, கேட்ட அவையோ அவளுக்கு வாய்க்கவில்லை, சாபமே எஞ்சியது.

ஆய்வாளர் அதிகம் பேசாத ஓரிடம் நீர்ப்படைக் காதையில் உள்ளது. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன், பத்தினிக் கடவுளுக்கு ஒரு பகலில் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என மாடலன் செங்குட்டுவனிடம் கூறுகிறான். உரைபெறு கட்டுரையோ இதன்பின் நாட்டில் மழை பெய்து நோயும் துன்பமும் நீங்கின என்கிறது. ஒருவன் செய்த வஞ்சத்துக்கு அவன் தொழில் செய்தோர் ஆயிரவர் மாள்கின்றனர். நெடுஞ்செழியனின் பிழை ஓர் உயிரோடு நின்றது. வெற்றிவேற் செழியனின் செயலிலோ வழக்குரை என்பதற்கே இடமில்லை. கண்ணகி எந்த ஆராய்வை வேண்டி அவை புகுந்தாளோ, அது அவள் பெயரால் நடந்த வேள்வியிலேயே கைவிடப்படுகிறது. இதனைக் கேட்ட செங்குட்டுவன் வியக்கவோ வினவவோ இல்லை. அடுத்துச் சோழனின் செங்கோல் நிலையைக் கேட்கிறான்.