தன்மைநிலைச் சுடுவிளையாட்டுக்களும் அவற்றின் மறுபதிப்புக்களும்

இலக்கண நூலார் இடம் மூன்றெனக் கொண்டு, அவற்றைத் தன்மை, முன்னிலை, படர்க்கை என வகுத்தனர். கணினி விளையாட்டுக்களுட் பல படர்க்கையிடத்தன. ஆடுவோன் தானியக்கும் உருவத்தைப் பிறனொருவனைக் காண்பது போலத் திரையிற் காண்கிறான். ஒருவகை விளையாட்டு மட்டும் முற்றிலுந் தன்மையிடத்தது. அதிலே ஆடுவோனின் உருவம் தோன்றுவதில்லை. அவன் ஏந்திய துப்பாக்கியும் அதைப் பற்றிய கையுமே திரையின் அடியிற் தெரியும். எதிர்ப்படுவன யாவும் அவன் கண்ணாற் கண்டனவாகவே அமையும். ஆங்கிலத்திற் 'பெர்ஸ்ற் பேர்சன் சூட்டர்' என வழங்கும் இவ்வகையைத் தன்மைநிலைச் சுடுவிளையாட்டு என்று குறித்தல் பொருந்தும்.

இவ்வகை பெருவழக்காகி முப்பது ஆண்டுகளுக்கு மேலாயின. அதற்குள்ளே பழையன, புதியன என்ற வழக்கும் எழுந்துவிட்டது. பழையனவே கலையென்றும் புதியன வெறும் வாணிபமென்றும் ஒரு சாரார் கூறுவர். பழையன கரடுமுரடானவை, இளமை நினைவே அவற்றுக்கு மெருகூட்டுகிறது என்பர் மற்றொரு சாரார். இரு சாராரும் ஓவியத்தின் நேர்த்தியையே பெரிதும் பேசுகின்றனர். விளையாட்டின் விதியைப் பேசுவார் மிகச் சிலர். நாடகத்தை மேடைத் திரைச்சீலையின் வண்ணங்கொண்டு மதிப்பிடுவாருக்கும் இவர்களுக்கும் வேற்றுமை அதிகமில்லை.

வழக்கு வெறும் வாய்ச்சொல்லாக நின்றிருப்பின் அதனை ஆராய வேண்டுவதில்லை. பழைய ஆட்டங்கள் இன்று மறுபதிப்பாக வெளிவருகின்றன. அவற்றை முதன்முறையாகச் சந்திக்கும் இளைஞர் மறுபதிப்பின் வாயிலாகவே சந்திக்கின்றனர். பதிப்பித்தவர் செய்த பிழையை அவர்கள் மூலத்தின் பிழையெனக் கொள்வர்; மூலத்தைக் காணாதவருக்கு வேறு சான்றேது?

1992ஆம் ஆண்டில் வெளிவந்த 'வொல்பென்ஸ்ரைன் 3டி' இவ்வகைக்கு வழி காட்டியது. அதன் சுவர்கள் யாவும் ஒரே உயரமுடையன. மூலைகள் யாவும் செங்கோணத்தன. 1993ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 10ஆந் திகதி அதே ஐடி சொவ்ற்வெயர் நிறுவனம் வெளியிட்ட 'டூம்' அவ்வரம்பைத் தகர்த்தது. ஜோன் கார்மாக் இயற்றிய செய்நிரல் தளங்களுக்கு உயர்வு தாழ்வையும், அறைகளுக்கு ஒளி வேறுபாட்டையும், சுவர்களுக்கு எக்கோணத்தையும் அளித்தது. ஆயினும் அறையின்மேல் அறை அமைக்க அதனால் இயலவில்லை. ஆடுவோன் அண்ணாந்து பார்க்கவும் குனிந்து பார்க்கவும் இயலாது, தாவவும் இயலாது. மேலோ கீழோ நிற்கும் பகைவனை நோக்கித் திசை திருப்பினாற் போதும், உயரத்தைச் செய்நிரல் தானே கணித்துக்கொள்ளும்.

இக்குறைகளே டூமுக்கு வடிவு தந்தன. மேலுங் கீழும் நோக்கும் வேலை இல்லாமையால் ஆடுவோனின் கருத்து முழுவதும் தன் நடையிலே தங்குகிறது. எதிரிகளிற் பலர் எறியும் தீப்பிழம்பு கண்ணாற் கண்டு விலகத்தக்க வேகத்திலேயே வருகிறது. ஆகவே சுடுதலைக் காட்டிலும் விலகுதலே இவ்வாட்டத்தின் முதற்கலை. ஓர் எதிரியின் பிழம்பு இன்னோர் எதிரியைத் தாக்குமாயின் அவ்விரண்டும் ஒன்றோடொன்று பொருதும். அவற்றை அவ்வாறு மூட்டிவிட்டுத் தோட்டாவைச் சேமித்தல் கைவந்தவர் செய்யுந் தந்திரம். களங்களின் அமைப்பு இதற்கு ஏற்றது. முதற் பாகத்தின் பெரும்பகுதியை வகுத்த ஜோன் றொமேரோ, ஒருமுறை கடந்த மண்டபத்தை மறுமுறை வேறு வாயிலாற் காணுமாறு செய்தார். சாளரத்தூடே தெரியும் முற்றத்துக்குச் செல்லும் வழியைத் தேடவைத்தார். பின்னிரு பாகங்களின் களங்கள் அத்துணை ஒழுங்குடையனவல்ல. சன்டி பீற்றர்சன் பெரும்பாலும் அமைத்த அவற்றிற் புதுமை மிகுதி, செப்பம் குறைவு. பழமையைப் போற்றுவோர் இதனை மறைத்துப் பேசுதல் வழக்கம்.

டூமின் விதிகளுட் தலையாயது காயம் பற்றியது. ஆடுவோனின் உடல்நலம் நூறு என்னும் எண்ணில் தொடங்கும். சிறு மருந்துப்பொதி பத்தைக் கூட்டும். பெரியது இருபத்தைந்தைக் கூட்டும். பொதி கிடைக்காத வரையிற் குறைந்தது குறைந்ததே. முதலறையிற் செய்த தவறு ஐந்தாமறை வரை கடனாகத் தொடரும். களத்தின் எதிரிகளும் எண்ணப்பட்டவர்களே. ஒரேயொரு கடினநிலை தவிர ஏனையவற்றிற் கொன்றவன் மீண்டும் வாரான். களமுடிவில் எதிரிகளுள் எத்தனை வீதத்தினர் மாண்டனர், எத்தனை மறைவிடங்கள் கண்டறியப்பட்டன என்ற கணக்கும் காட்டப்படும். வரவுஞ் செலவும் உள்ள உலகம் அது.

2001ஆம் ஆண்டில் பஞ்சி நிறுவனத்தின் 'ஹேலோ' வந்தபோது இக்கணக்கு மாறியது. தாக்குண்ட வீரன் சிறிது நேரம் ஒதுங்கி நின்றால் அவனது காப்புக்கவசம் தானே நிறையும். அவன் இரண்டு படைக்கலங்களை மட்டுமே சுமக்கலாம். புதியதொன்றை எடுக்க விரும்பின் கையிலுள்ளதொன்றைக் கீழிட வேண்டும். இவ்விரு விதிகளும் ஹேலோவுக்குப் பொருந்தின என்பதில் ஐயமில்லை. ஒதுங்கலும் மீளலுமாகப் போருக்கு ஒரு தாளம் பிறந்தது. எதனை எடுப்பது, எதனை விடுவது என்ற தெரிவு ஒவ்வொரு சண்டையிலும் எழுந்தது. 2005இல் 'கோல் ஒவ் டியூற்றி 2' தானே ஆறும் காயத்தை மேற்கொண்டது. 2007இல் அத்தொடரின் நான்காவது ஆட்டம் உலகெங்கும் பெருவெற்றி கண்டபின் பிறரும் அவ்வழியே சென்றனர். அந்நான்காவது ஆட்டத்திற் சில இடங்களில், ஆடுவோன் குறித்த ஓர் எல்லையைக் கடக்கும்வரை எதிரிகள் ஓயாது வந்துகொண்டேயிருப்பர். எத்தனை பேரை வீழ்த்தினும் பயனில்லை, முன்செல்லலே பயன். ஆட்டம் வழிநடைப் பயணமாகிவிடுகிறது.

எனினும் அவ்வாட்டத்தை வறிதென ஒதுக்குதல் நேர்மையன்று. அணுக்குண்டு வெடித்தபின், வீழ்ந்த ஹெலிகொப்ரரிலிருந்து ஒரு போர்வீரன் தவழ்ந்து வெளியேறி, சிவந்த வானின் கீழ்ச் சில அடி நகர்ந்து உயிர்விடுகிறான். அந்தப் போர்வீரன் ஆடுவோனே. விரல்கள் இயங்குகின்றன, வழியெதுவும் இல்லை. தன்மையிடத்தின் வலிமையை இவ்வளவு தெளிவாக உணர்த்தும் காட்சி டூமில் இல்லை. டூம் அதனை நாடவுமில்லை.

ஒன்றுக்குப் பொருந்திய விதியை மற்றொன்றின்மேல் ஏற்றும்போதே கேடு விளைகிறது. 'டியூக் நியூகம் 3டி' 1996இல் வெளிவந்தது. பகைவனைக் குறுக்கி எறும்பாக்குங் கருவி, எறிந்துவிட்டுப் பின்னர் வெடிக்கச் செய்யுங் குழாய்க்குண்டு என விநோதப் படைக்கலங்கள் பலவற்றை ஒருங்கே சுமந்து திரிதலே அதன் சுவை. அதன் தொடர்ச்சியாகிய 'டியூக் நியூகம் போரெவர்' 1997இல் அறிவிக்கப்பட்டு, பதினான்கு ஆண்டுகள் கழிந்து 2011இல் வெளிவந்தது. அதில் அவ்வீரன் இரண்டு படைக்கலங்களுக்கு மேற் சுமக்கலாகாது. அவனது உடல்நலமும் ஒதுங்கி நின்றால் நிறைந்தது. ஹேலோவின் சட்டை டியூக்கின் உடலுக்கு ஒவ்வவில்லை. வாய்வீச்சுக்குப் பேர்போன வீரன் சுவரோரம் பதுங்கிக் காயமாற்றுகின்றான்! நீண்ட காத்திருப்பே அவ்வாட்டத்தைக் கெடுத்தது என்பர் பலர். காத்திருப்பு நகைப்புக்கு இடமளித்தது; கெடுத்தவை கடன்வாங்கிய விதிகளே.

மறுபதிப்புக்களிலும் இக்குறையே வேறுருவிற் தோன்றுகிறது. பழைய ஏடொன்றைப் பதிப்பிப்போன் தனக்கு விளங்காத சொல்லை விளங்கும் சொல்லாக மாற்றிவிட்டால், படிப்பவனுக்கு எளிதாகும், பாடம் போய்விடும். 2004இல் வந்த 'டூம் 3' இருள்சூழ்ந்த ஆட்டம். அதில் ஆடுவோன் ஒரு கையில் மின்சூளைப் பிடிப்பான். அல்லது துப்பாக்கியைப் பிடிப்பான். இரண்டையும் ஒருங்கே பிடித்தல் இயலாது. காணவேண்டுமாயிற் சுட முடியாது. சுடவேண்டுமாயிற் காண முடியாது. இது பலருக்கு எரிச்சலூட்டியது. துப்பாக்கியோடு மின்சூளை ஒட்டுநாடாவாற் பிணைக்கும் திருத்தமொன்றை ஆர்வலர் விரைவிலேயே ஆக்கிப் பரப்பினர். 2012இல் வந்த மறுபதிப்பு அம்முறையீட்டுக்குச் செவிசாய்த்தது. மின்சூள் கவசத்தோடு பொருத்தப்பட்டது. தோட்டாக்களும் தாராளமாக வழங்கப்பட்டன. எரிச்சல் நீங்கியது, அச்சமும் அதனோடு நீங்கியது. மூலத்தில் இருள் ஒரு பாத்திரமாக நின்றது. மறுபதிப்பில் அது வெறும் வண்ணமாயிற்று. முறையிட்டவர்கள் கூறியது பொய்யன்று. ஆயினும் அவ்விதியின்றி டூம் 3 தனக்குரிய காரணத்தை இழந்துவிடுகிறது என்பதைப் பதிப்பித்தோர் எண்ணியதாகத் தெரியவில்லை.

முதல் டூமுக்கு நேர்ந்தது வேறுவகை. 1994இல் சேகா நிறுவனத்தின் 32எக்ஸ் கருவிக்கு வந்த பதிப்பிற் பதினேழு களங்களே இடம்பெற்றன. மூன்றாம் பாகம் முற்றாக விடுபட்டது. எதிரிகள் எப்பொழுதும் முகங்காட்டியே நின்றனர். அதனால் எதிரி தன்னைக் கண்டானா, முதுகு காட்டி நிற்கின்றானா என ஆடுவோன் அறிய இயலாது. ஓசையின்றிப் பின்னாலணுகும் உபாயம் பயனிழந்தது. இத்தகைய குறைகள் பொறுக்கத்தக்கன. கருவி சிறிது; அதற்குள் அடங்கியதை அடக்கினர்.

2019ஆம் ஆண்டு ஜூலை மாதம், இருபத்தைந்தாண்டு நிறைவை முன்னிட்டு டூமும் அதன் இரண்டாம் பாகமும் புதிய கருவிகளுக்கு மறுபதிப்புச் செய்யப்பட்டன. இவற்றுக்குக் கருவியின் வறுமையைக் காரணங்காட்ட இயலாது. தனித்த கணினியில் யாருடைய அனுமதியுமின்றி இயங்கிய 1993ஆம் ஆண்டின் ஆட்டத்தைத் தொடங்குவதற்கு, வெளியீட்டாளரின் இணையக் கணக்கிற் பெயர் பதிய வேண்டியதாயிற்று. எதிர்ப்பெழுந்தபின், அது கட்டாயமாக இருக்கக் கருதப்படவில்லை என்று வெளியீட்டாளராகிய பெதஸ்டா நிறுவனம் கூறிப் பின்னர் நீக்கியது. இதனைக் காட்டிலும் நுண்ணிய பிழையொன்று உண்டு. டூமின் ஓவியங்கள் 320க்கு 200 என்னும் புள்ளியளவில் வரையப்பட்டவை. அக்காலத் திரையின் அகலமும் உயரமும் நான்குக்கு மூன்று என்ற விகிதத்தன ஆதலின், ஒவ்வொரு புள்ளியும் அகலத்தினும் உயரம் மிக்கதாய்த் தோன்றும். வரைந்தோரும் அதனை நினைந்தே வரைந்தனர். 2019ஆம் ஆண்டுப் பதிப்பு இதனை மறந்து புள்ளிகளைச் சதுரமாக்கியது. அரக்கர்கள் குள்ளமாயினர், மண்டபங்கள் தாழ்ந்தன. முதன்முறை கண்டவன் டூமின் ஓவியனுக்கு அளவு தெரியாதென்றே எண்ணியிருப்பான். 2020ஆம் ஆண்டு ஜனவரியில் வந்த திருத்தம் இதனைச் சீர்செய்தது.

வேறு சில மறுபதிப்புக்களைச் சுருக்கமாகக் குறிப்பிடுதல் போதும். பெல்ஜியச் சித்திரக்கதையொன்றைத் தழுவி 2003இல் வந்த 'தேர்ட்டீன்', கதையேட்டின் கோடுகளையும் தட்டை வண்ணங்களையும் திரைக்குக் கொணர்ந்த அரிய ஆட்டம். 2020இல் அது புதிதாக ஆக்கப்பட்டபோது அக்கோடுகள் மங்கின, பிழைகள் மலிந்தன. வெளியீட்டாளர் மன்னிப்புக் கோரினர். 2022இல் வேறொரு குழுவினர் அதனைத் திருத்தினர். டியூக்கின் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு இருதிறத்தது. மூலத்தை ஆக்கியோருட் சிலரே வகுத்த புதிய பாகம் அதற்கு ஊதியம். முன்னைப் பதிப்பில் இருந்த மூன்று இணைப்புத் தொகுதிகள் இதில் இல்லை. அம்முன்னைப் பதிப்போ விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. புதிய நூல் வரும்போது பழைய நூலை நூல்நிலையத்திலிருந்து எடுத்து எரிப்பாரில்லை. விளையாட்டு வாணிபத்தில் அஃது இயல்பாய் நிகழ்கிறது. மறுபதிப்பின் பிழை பிழையளவில் நில்லாது இழப்பாக மாறுவது இதனாலேயே.

புதியவர்களாற் பழைய சுவையை மீட்க இயலாதென்பதும் தவறு. 2016இல் வந்த புதிய 'டூம்' மூலத்தின் ஓவியத்தைப் பின்பற்றவில்லை. அதில் அண்ணாந்து பார்க்கலாம், தாவலாம். ஆயினும் துப்பாக்கிக்குத் தோட்டா மாற்ற நிற்றல் இல்லை. ஒதுங்கியிருந்தாற் காயம் ஆறுவதுமில்லை. தளர்ந்த பகைவனை அணுகிக் கையாற் கொல்பவனுக்கு உடல்நலம் மீளும். உயிர் குறையுந்தோறும் முன்னேற வேண்டும். பழைய கணக்கு புதிய எழுத்தில் எழுதப்பட்டது எனலாம். மறுபதிப்புக்களுள், நைற்டைவ் நிறுவனம் 2021இற் செய்த 'குவேக்' பதிப்பு பாராட்டத்தக்கது. 1996ஆம் ஆண்டின் களங்களும் வேகமும் மாறாதிருக்க, ஒளியும் உருவங்களும் மட்டும் செப்பமுற்றன.

டூமின் மூலபாடத்தைக் காத்தவர் உரிமையாளர் அல்லர். 1997ஆம் ஆண்டு டிசம்பரில் ஐடி நிறுவனம் அதன் மூல நிரலை வெளியிட்டது. 1999இல் யாவரும் மாற்றிப் பரப்பத்தக்க பொது உரிமத்தின்கீழ் அதனை அளித்தது. அன்றுமுதல் ஆர்வலர் பலர் அதனைப் புதிய கணினிகளில் இயங்கச் செய்தனர். சிலர் அண்ணாந்து பார்த்தலையும் தாவுதலையும் சேர்த்தனர். அதனாற் சில களங்களின் புதிர்கள் சிதைந்தன. வேறு சிலர் பழைய செய்நிரலின் வழுக்களைக்கூட நீக்காது, வழுவும் பாடமே எனக் கொண்டு காத்தனர். இவ்விரு கூட்டத்தாரின் வேறுபாடு ஏட்டுப் பதிப்பாளரிடையே என்றுமுள்ள வேறுபாடே. எவரும் பிறர் பதிப்பை அழிக்கவில்லை. ஆடுவோன் தான் வேண்டியதைத் தேர்ந்துகொண்டான்.

2024ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் டூமின் இரு பாகங்களும் ஒன்றாக மீண்டும் வெளிவந்தன. 2019ஆம் ஆண்டுப் பதிப்பை வாங்கியோருக்கு அது விலையின்றி வழங்கப்பட்டது. இதனையும் நைற்டைவ் நிறுவனத்தாரே ஐடியோடு கூடிச் செய்தனர். 1998இல் ஆர்வலர் குழுவொன்று மூல நிரலைத் திருத்திப் 'பூம்' என்ற பெயரில் வெளியிட்டிருந்தது. அதன் விதிகளைத் தழுவி அமைந்த களங்கள் இணையத்தில் மலிந்திருந்தும், உரிமையாளரின் பதிப்புக்களில் அவை இயங்கியதில்லை. இருபத்தாறு ஆண்டுகளின் பின் அவ்விதிகள் இப்பதிப்பினுள்ளே சேர்க்கப்பட்டன.