படகிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள்

ஹூரன் ஏரியும் மிச்சிகன் ஏரியும் சந்திக்கும் நீரிணையில், அமெரிக்காவின் வடக்கு ஓரத்தில், மேக்கினா என்று ஒரு குட்டித் தீவு. அங்குள்ள கிராண்ட் ஓட்டலைப் பார்க்கப் போகிறவர்கள் படகுக்குள் உட்கார்ந்துவிடக் கூடாது. மேல்தளத்தில் போய் நிற்க வேண்டும். குன்றின் மேல், பச்சைக்கு நடுவே, வெள்ளையாக ஒரு நீளக் கோடு தெரியும். அந்தக் கட்டடத்தின் சூட்சுமமே அந்தக் கோடுதான்.

1887இல் இதைக் கட்டியவை இரண்டு ரயில் கம்பெனிகளும் ஒரு நீராவிக் கப்பல் கம்பெனியும். கோடையில் டிக்கெட் விற்க வேண்டுமானால், போய்த் தங்க ஆசைப்படும்படி ஓர் இடம் வேண்டுமே! டெட்ராய்ட்டின் மேசன் அண்ட் ரைஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் வரைந்து கொடுத்த கட்டடம், வருகிற கப்பலுக்குத் தன் முகத்தைக் காட்டிக்கொண்டு நிற்பது அதனால்தான். கலை முழுவதையும் முகப்பிலேயே செலவழித்துவிட்டார்கள் என்பது என் எண்ணம். பின்பக்கம் போய்ப் பார்த்தால் உங்களுக்கும் அப்படித் தோன்றலாம்.

கரையிறங்கியதும் குதிரை வண்டிதான். 1898இலேயே இங்கே மோட்டார் வண்டிக்குத் தடை போட்டுவிட்டார்கள். வாசலில் குளம்புச் சத்தம் ஓயாது. சாணி வாசனையும் உண்டு, முகம் சுளிக்காதீர்கள்.

முன் தாழ்வாரம் 660 அடி. உலகிலேயே நீளமானது என்று பெருமையடிக்கிறார்கள். ஒரு கோடியில் நின்று மறுகோடியைப் பாருங்கள். ஒரே மாதிரித் தூண்கள், ஒரே மாதிரி வெள்ளை ஆடுநாற்காலிகள், சிவப்பு ஜெரேனியப் பூக்கள். திரும்பத் திரும்ப வந்தும் அலுக்கவில்லை என்றால் அளவுகள் சரியாக விழுந்திருக்கின்றன என்று பொருள். தூண்கள் மாடிகளைத் தாண்டி உயர்வதையும் கவனியுங்கள். இதையே கல்லில் எழுப்பியிருந்தால் கோர்ட்டு வாசல்போல் மிரட்டும். வெள்ளைப் பைன் மரம் என்பதால் அத்தனை உயரத்திலும் பாரம் தெரியவில்லை. பிறகு ஒரு நாற்காலியில் சாய்ந்து, நீரிணையையும் 1957இல் திறந்த மேக்கினா பாலத்தையும் அவசரமில்லாமல் பாருங்கள்.

உள்ளே போனால் வேறு உலகம். கார்ல்டன் வார்னி அலங்கரித்த கூடங்களில் பச்சையும் சிவப்பும் மஞ்சளும் கூச்சமில்லாமல் மோதுகின்றன. எனக்கு இது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் வெளியே அவ்வளவு வெள்ளையைப் பார்த்த கண்ணுக்கு இந்த ஆர்ப்பாட்டமும் வேண்டியிருக்கிறது.

அங்கே தங்காதவர்கள் தாழ்வாரத்தில் கால்வைக்கவே கட்டணம் உண்டு. மாலையானால் ஆண்களுக்குக் கோட்டும் டையும் கேட்பார்கள். ஆகவே பகலிலேயே போய்விடுங்கள். குளிர்காலத்தில் ஓட்டல் மூடியிருக்கும்.